பாடும் மீனும் குளிறும் ஊரியும்: மட்டக்களப்பு வாவியின் காணப்படாத உயிர் பற்றிய எழுத்துகள்

மட்டக்களப்புக்கு வழங்கும் ‘மீன்பாடும் தேன்நாடு’ என்னும் தொடர் இன்று கேட்பவர் எவரையும் நின்று சிந்திக்கச் செய்வதில்லை. ஊர்ச்சங்க மலர்களின் முகப்பிலும் வாழ்த்துரைகளின் முதல் வரியிலும் அது தானாகவே வந்து அமர்கிறது. டொரொண்டோவிலும் லண்டனிலும் நியூ ஜெர்சியிலும் வாழும் கிழக்கிலங்கைத் தமிழர் தம் ஊரைப் பிறருக்கு அறிமுகப்படுத்தும்போது முதலில் சொல்லும் செய்தியும் பெரும்பாலும் இதுவே. ஆனால் பாடும் அம்மீனைக் கண்டவர் எவர், அதன் இனப்பெயர் யாது, வலையில் அகப்பட்டபோது அது எவ்வடிவில் இருந்தது என்னும் வினாக்களுக்கு அத்தொடரைச் சொல்வோரிடம் விடை இல்லை. விடை இல்லாமை ஒரு குறையாக உணரப்படுவதும் இல்லை. ஒரு நகரின் நீரில் வாழ்வதாக நம்பப்பட்டு, அந்நகரின் அடையாளமாகவே ஆகிவிட்ட பின்னரும் கண்ணில் படாத உயிர் அது.

அவ்வுயிரைப் பற்றிய எழுத்துகளே இக்கட்டுரையின் பொருள். வாவியில் ஒலி எழுகிறதா என்பது இங்கு வினா அன்று; எழுகிறது என்பதற்குச் சாட்சியங்கள் உள்ளன. அவ்வொலியை ‘மீன்’ என்றும் ‘பாட்டு’ என்றும் ஆக்கியது எது, அவ்வாறு ஆக்கியதால் மறைந்தது எது என்பனவே வினாக்கள். இதற்கெனச் சர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட ‘சிலோன்’ நூலின் ஒரு பகுதியும், சுவாமி விபுலானந்தரின் யாழ்நூலில் இடம்பெற்ற நீரர மகளிர் பாடலும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாக் கரையில், 1980களில் கேட்ட வேறொரு நீரடி ஒலி ஒப்பீட்டுக்குத் துணையாகிறது.

நகர நீரில் ஒளிந்து வாழும் உயிர் என்னும் கற்பனை தமிழுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் மிகப் பரவலாக அறியப்பட்டது, நியூயார்க் நகரின் பாதாளச் சாக்கடைகளில் முதலைகள் வாழ்வதாகக் கூறும் கதை. 1935 பிப்ரவரியில் கிழக்கு 123ஆம் தெருவின் சாக்கடைத் திறப்பொன்றிலிருந்து சிறுவர் ஒரு முதலையை இழுத்தெடுத்ததாக ‘நியூயார்க் டைம்ஸ்’ செய்தி வெளியிட்டது. 1959இல் ராபர்ட் டேலியின் நூலும் 1963இல் தாமஸ் பிஞ்சனின் ‘வி.’ நாவலும் அக்கதைக்கு நிலையான இடம் அளித்தன. அக்கதையை நடத்துவது அச்சம். அது சார்ந்து நிற்கும் புலன் கண். யாரோ ஒருவர் எங்கோ கண்டார் என்பதே அதன் அடித்தளம். மட்டக்களப்பிலோ கேட்டவர் உண்டு, கண்டவர் இல்லை. நாட்டார் வழக்காற்றுப் பட்டியல்களில் இரண்டையும் ஒரே தலைப்பின்கீழ் இடுவது வசதியான செயல். ஆனால் அதனால் விளங்குவது எதுவும் இல்லை. கண்ணால் அறியப்படாது காதால் அறியப்பட்ட ஓர் உயிரைப் பற்றிப் பேசும்போது, அதற்கு இடப்பட்ட பெயரே அதன் உடலாகிவிடுகிறது. எனவே பெயரிலிருந்து தொடங்குவதே முறை.

கோட்டைத் துறையில் கேட்ட ஒலி

டெனன்ட் 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்றச் செயலாளராகப் பணியாற்றியவர். அவர் வாவியின் ஒலியைக் கேட்டது 1848 செப்டெம்பரில். மாத்தளைக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டுச் சில வாரங்களே ஆகியிருந்த காலம் அது. அந்த ஒடுக்குமுறையின் எதிரொலியாகவே பின்னர் அவர் இலங்கையை விட்டுத் திருப்பி அழைக்கப்பட்டார். அத்தகைய ஓர் ஆண்டில் ஆட்சியாளர் ஒருவர் நிலவொளியில் தோணியேறி நீரின் ஒலியைக் கேட்கச் சென்றார் என்பதை அவருடைய நூலைப் படிப்போர் நினைவில் வைப்பது நன்று. அவரது செவி கூர்மையானது. அவரது பதவி அச்செவிக்கு வெளியே இருந்ததன்று.

அவர் எழுதியிருப்பதைச் சுருக்கமாகக் கூறலாம். ஒல்லாந்தர் கோட்டைக்கு எதிரேயுள்ள துறையின் மேலும் கீழும் நீரின் அடியிலிருந்து இசைபோன்ற ஒலி எழுவதாகவும், அது அவ்விடத்துக்கே உரிய ஒரு மீனிலிருந்து வருவதாக உள்ளூரார் கருதுவதாகவும் அவர் முதலில் கேள்விப்படுகிறார். பின்னர் மீனவரை அழைத்து விசாரிக்கிறார். தம் தந்தையர் காலம் முதல் அவ்வொலியைத் தாம் அறிந்திருப்பதாக மீனவர் சொல்கின்றனர். வறண்ட பருவத்தில் மட்டுமே அது கேட்கும் என்றும், மழைக்குப்பின் நன்னீர் பெருகி வாவி நிறையும்போது நின்றுவிடும் என்றும், அது மீனிலிருந்து வருவதன்று, ஓர் ஓட்டுயிரிலிருந்து வருகிறது என்றும் அவர்கள் கூறுகின்றனர். தேடிவரும்படி அனுப்பப்பட்டபோது உயிருள்ள சில சிப்பி, நத்தை இனங்களைக் கொண்டுவந்தும் கொடுக்கின்றனர்.

அன்றிரவே டெனன்ட் மீனவருடன் தோணியில் செல்கிறார். கோட்டை வாயிலருகே உள்ள துறையிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 200 கெஜம் சென்றதும் ஒலியைக் கேட்கிறார். அது ஒரே நீண்ட சுரமாக இல்லை. தனித்தனியே தெளிவான எண்ணற்ற சிற்றொலிகளின் கூட்டமாக, மிக மெல்லியதும் மிகத் தாழ்ந்ததும் கலந்து எழுந்தது. தோணியின் மரத்தில் காதை வைத்தபோது பன்மடங்கு பெருகியது. இடத்துக்கிடம் வேறுபட்டது, சில இடங்களில் முற்றாக மறைந்து, பழைய இடத்துக்குத் திரும்பியதும் மீண்டும் கேட்டது. ஆகவே ஒலிப்பவை ஓரிடத்தில் நிலைத்து வாழ்வன என்றும், அது மீனவரின் கூற்றோடு பொருந்துகிறது என்றும் அவர் முடிவு செய்கிறார். கரையிலுள்ள பூச்சிகளின் ஓசை நீர்மேல் மிதந்து வந்ததாக இருக்கலாமோ என்னும் ஐயத்தையும் எழுப்பி, கோட்டைச் சுவர் மறைக்கும் இடத்திலேயே ஒலி உரத்துக் கேட்டமையைக் காட்டி அதை விலக்குகிறார்.

இப்பகுதி நல்ல களக்குறிப்பு. ஆயினும் இதைப் பிற்காலத்தவர் எடுத்தாண்ட விதம் வருந்தத்தக்கது. டெனன்ட்டின் பக்கத்தில் இரண்டு உள்ளூர்ச் சாட்சியங்கள் உள்ளன. ஒன்று ஊர்ப்பேச்சு: அது மீன் என்கிறது. மற்றொன்று தொழிலறிவு: அது மீனன்று என்கிறது. பின்வந்த சுற்றுலாக் கையேடுகளும் சிறப்பு மலர்களும் முதற்சாட்சியத்தை எடுத்துக்கொண்டு இரண்டாவதைக் கைவிட்டன. மீனவர் சொன்ன நிபந்தனைகளிலும் இதே தேர்வு நிகழ்ந்தது. முழுநிலா எஞ்சியது, வறண்ட பருவம் உதிர்ந்தது. நிலவு கவிதைக்கு உதவும். மழைவெள்ளத்தால் வாவியின் உப்பு குறைவதும் அதனோடு ஒலி அடங்குவதும் கவிதைக்கு அத்துணை உதவுவதில்லை. மீன் எது, மீனல்லாதது எது என்பதை நாள்தோறும் கையால் அறிந்தவர்களின் சொல், மீனை உணவுத் தட்டில் மட்டும் கண்டவர்களின் சொல்லுக்கு வழிவிட்டது எனலாம்.

பெயரா, வாக்கியமா

அவ்வோட்டுயிருக்கு மீனவர் கூறிய தமிழ்ப்பெயர் என டெனன்ட் மூன்று சொற்களைத் தருகிறார். ரோமன் எழுத்தில் அவர் எழுதியதை உள்ளவாறே தமிழில் ஒலித்தால் ‘ஊரி கூலீரூ கிராடூ’ என வரும். அதற்கு அழும் அல்லது கூவும் ஓட்டுயிர் எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரை அளித்து, ஒலியே பொருளை எதிரொலிக்கும் பெயர் இது என்று பாராட்டவும் செய்கிறார். இச்சொற்களைச் சிதைந்த தமிழ் என ஒதுக்கிவிடுவது எளிது. சற்றுப் பொறுமையாகக் காது கொடுத்தால் அவை அவ்வளவு சிதையவில்லை என்பது புலப்படும்.

‘ஊரி’ பற்றி ஐயமில்லை. ஈழத்தமிழில் ஓடுடைய சிறிய நீர்வாழ் உயிர்களுக்கும் அவற்றின் ஓடுகளுக்கும் வழங்கும் சொல் அது. வடகரையின் ஊரிக்காடு என்னும் இடப்பெயரிலும் அது காணப்படுகிறது. இடர்ப்பாடு அடுத்த இரு சொற்களில் உள்ளது. அவற்றைப் பிரித்து வாசிக்காமல் சேர்த்து வாசித்தால் ‘குளறுகிறது’ அல்லது ‘குளிறுகிறது’ என்னும் வினைமுற்று கிடைக்கிறது. ‘கிராடூ’ என்பது தனிச்சொல் அன்று. ‘கிறது’ என்னும் நிகழ்கால விகுதியே அது. ஆங்கிலக் காதுக்கு விகுதி தனித்துக் கேட்டது. எழுதும் கை இடைவெளி விட்டது. இந்த வாசிப்பு ஏற்கப்படின், மீனவர் சொன்னது ஒரு பெயரே அன்று. இது என்ன ஒலி என்று துரை கேட்டார். ஊரி குளிறுகிறது என்று அவர்கள் விடை சொன்னார்கள். விடையாக வந்த வாக்கியம் குறிப்பேட்டில் உயிரினப் பெயராகப் பதிவாயிற்று.

இவ்வாசிப்புக்கு ஒரு தடை எழுப்பப்படலாம். கிழக்கிலங்கைப் பேச்சுத்தமிழில் அவ்வினை ‘குளறுது’, ‘குளிறுது’ என்றே வரும். ‘கிறது’ என முழுமையாக ஒலிப்பது எழுத்து வழக்கு. உண்மை. எனினும் அரசாங்கத்தின் உயர் அலுவலர் முன் நடந்த விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இடைநின்றிருப்பார் என்பதும், அவர் வாயில் சொற்கள் திருந்திய வடிவம் பெற்றிருக்கும் என்பதும் இயல்பான ஊகமே.

இரண்டு வினைகளுள் எது? டெனன்ட் தரும் பொருளை முதன்மையாகக் கொண்டால் ‘குளறு’ பொருந்தும். ஈழத்தமிழில் குளறுதல் என்பது வாய்தடுமாறிப் பேசுதல் மட்டுமன்று, வாய்விட்டு அழுதலும் ஆகும். இழவு வீட்டில் குளறுகிறார்கள் என்பது இன்றும் இயல்பான வாக்கியம். அவர் பதிவு செய்த உயிரொலியை முதன்மையாகக் கொண்டால் ‘குளிறு’ பொருந்தும். இரண்டாம் அசையில் அவர் இகரத்தையே கேட்டிருக்கிறார். குளிறுதல் என்பது ஒலித்தல், முழங்குதல் என்னும் பொருளில் பழைய இலக்கியத்திலும் அகராதிகளிலும் உள்ள வினை. ஆங்கிலத்தில் அவர் இட்ட சொல்லோ அழுகைக்கும் கூவுதலுக்கும் பொதுவானது; எனவே அதைக் கொண்டு இரண்டில் ஒன்றைத் தேர முடியாது. உயிரெழுத்தின் சான்று வலுவானது என்பதால் இக்கட்டுரை ‘குளிறுகிறது’ என்னும் பாடத்தையே கொள்கிறது. அழுகையின் நிழல் அதிலிருந்து முற்றாக நீங்கிவிடவில்லை என்பதும் ஏற்கப்பட வேண்டியதே.

இங்குக் கருதவேண்டியது ஒன்று. இரண்டு பாடங்களிலும் பாட்டு இல்லை. பாடுதல் என்னும் வினை ஒருவரைப் பாடகராக்கும், கேட்போரை அவையினராக்கும். குளிறுதலுக்கு அவை வேண்டியதில்லை. இடி குளிறும், முரசு குளிறும், நீருக்குள் ஊரியும் குளிறும். ஒலிக்கும் பொருளை அதன் போக்கில் விட்டு, கேட்டதை மட்டும் சொல்லும் வாக்கியம் அது. மொழியியல் நோக்கில் மட்டுமன்றி இயற்கையியல் நோக்கிலும் அது ‘மீன் பாடுகிறது’ என்பதைக் காட்டிலும் எச்சரிக்கையானது.

தோணியில் பாணன்

நூறாண்டு கழித்து அதே வாவிக்குத் தோணியேறிச் சென்றவர் தமிழின் பெரும் புலவர் ஒருவர். விபுலானந்தர் 1892இல் காரைதீவில் பிறந்தவர். மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் பயின்றவர். லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். யாழ்நூல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் அவர் மறைந்தார். கல்லடியில், வாவிக்கு அப்பால், அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

நீரர மகளிர் பாடலில் அவர் தம்மைத் தன்மையில் நிறுத்தவில்லை. பகலின் ஓசைகள் ஒவ்வொன்றாக அடங்கி, ஊரார் உறங்கச் சென்ற இடையாமத்தில், புலவன் ஒருவன் பாணனோடு தோணியேறிச் செல்கிறான். நீரின் நடுவே இசை எழுகிறது. அதைப் பாடுவோர் நீரில் உறையும் தெய்வ மகளிர். இவ்வளவே கதை.

இதில் இரு முடிவுகள் ஊன்றி நோக்கத்தக்கவை. முதலாவது, தோணியில் மீனவன் இருக்கவேண்டிய இடத்தில் பாணன் இருக்கிறான். யாழைப் பற்றிய நூலில் பாணன் வருவது வியப்பன்று எனக் கடந்துபோகலாம். ஆனால் சங்க இலக்கியத்தில் பாணர் இசைவாணர் மட்டுமல்லர். ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில் பாண்மகள் மீன் கொடுத்து நெல் பெறுகிறாள்; மருத நீர்நிலைகளில் பாணர் மீன்பிடிப்போராகவும் வருகின்றனர். பத்துப்பாட்டிலும் எட்டுத்தொகையிலும் தோய்ந்த விபுலானந்தர் இதை அறியாதவர் அல்லர். எனவே பாணன் என்னும் ஒரே சொல்லால் அவர் மீன்பிடிப்பவனையும் இசையறிந்தவனையும் ஓருருவாக்கிவிடுகிறார். டெனன்ட்டின் தோணியில் மீனவர் சாட்சிகளாக இருந்தனர். கேட்டு முடிவு செய்தவர் வேறொருவர். விபுலானந்தரின் தோணியில் அப்பிளவு இல்லை. இதுவரை இப்பாடலைப் போற்றியோர் அதன் சந்தத்தைப் போற்றியிருக்கிறார்கள். இந்தப் பாணனைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டாவது முடிவு, ஒலிக்கும் உயிரை மகளிராக்கியது. அரமகளிர் சங்க மரபினர். திருமுருகாற்றுப்படையின் சூரரமகளிர் மலைச்சோலையில் ஆடுவோர். அழகும் அச்சமும் ஒருங்கே உடையோர். அச்சந்தரும் அத்தெய்வ ஆற்றலாகிய அணங்கைப் பற்றி அமெரிக்கத் தமிழியலில் ஒரு விவாதமே நடந்தது. அணங்கு பெண்ணோடு பிணைந்த புனித ஆற்றல் என்னும் கருத்தை பெர்க்லியின் ஜார்ஜ் ஹார்ட் 1975இல் வெளியான தம் நூலில் முன்வைத்தார். அச்சொல்லின் பரந்த பொருளை அவ்வாறு சுருக்குவது தகாது என வி. எஸ். ராஜம் 1986இல் மறுத்தார். நீரர மகளிர் பாடலை அவ்விவாதத்தின் அருகே வைத்துப் பார்த்தால், விபுலானந்தர் செய்திருப்பது தெரிகிறது: மகளிரை வைத்துக்கொண்டார், அணங்கை நீக்கிவிட்டார். அவருடைய நீரர மகளிர் எவரையும் வருத்துவதில்லை. மீனவர் வாக்கியத்தில் எஞ்சியிருந்த குளறலும் அவர்கள் குரலில் இல்லை.

யாழின் நரம்புகளையும் சுருதிகளையும் கணிதத்தால் அளந்து, மறைந்துபோன ஒரு கருவியை மீட்கப் பதினான்கு ஆண்டு உழைத்ததாக அறியப்படும் விஞ்ஞானப் பட்டதாரி, தம் ஊர் வாவியின் ஒலியை அளக்காமல் விட்டது ஏன்? ஒருவேளை யாழுக்கு இருந்தது நூற்சான்று மட்டுமே, ஒலி இல்லை. அங்கே கணிதம் தேவைப்பட்டது. வாவிக்கு ஒலி இருந்தது. அதற்கு மரபில் ஓரிடம் தேவைப்பட்டது. அவ்விடத்தை அவர் அளித்தார். அது அவருடைய பிழை அன்று. அவர் அளித்த இடத்தோடு நின்றுவிட்டதே பின்வந்தோரின் பிழை. பண்டிதர் வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) போன்ற அடிப்படை நூல்கள் வெளிவந்து, அவ்வூரின் கூத்தும் வழிபாடும் சொல்வழக்கும் ஆய்வுக்குள் வந்த பின்னரும், நகரின் பெயரோடு ஒட்டிய உயிர் மட்டும் புகழுரைக்குள்ளேயே தங்கிவிட்டது.

முறைப்பாடாக வந்த ஒலி

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கோல்டன் கேட் பாலத்தைக் கடந்தால் வருவது சோசலிட்டோ என்னும் சிற்றூர். அதன் ஓரத்திலுள்ள ரிச்சர்ட்சன் விரிகுடாவில் வீடுகளாகவே கட்டப்பட்ட படகுகள் வரிசையாக நிற்கின்றன. 1980களின் நடுப்பகுதியில், கோடை இரவுகளில், அப்படகுவீடுகளில் குடியிருந்தோர் உறக்கம் கெட்டனர். நீருக்கடியிலிருந்து இடைவிடாத தாழ்ந்த ரீங்காரம் எழுந்து படகின் அடித்தளத்தை அதிரச் செய்தது. கழிவுநீர்க் குழாய்களின் இயந்திரம், மின்நிலையக் கருவி, கடற்படையின் இரகசியச் சோதனை எனப் பல ஊகங்கள் எழுந்தன. வேற்றுக்கிரகத்தவர் என்றோரும் உண்டு. இறுதியில் கலிபோர்னிய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஸ்டைன்ஹார்ட் நீர்வாழ்காட்சியகத்தின் ஜான் மெக்கொஸ்கர், அது அக்கரையோரத்துக்குரிய ஒரு மீனின் ஒலி என விளக்கினார். தேரைமீன் குடும்பத்தைச் சேர்ந்த அம்மீனின் வயிற்றில் ஒளிப்புள்ளிகள் வரிசையாக அமைந்திருப்பதால், கடற்படைச் சட்டையின் பொத்தான்களை நினைவூட்டும் வகையில் ஆங்கிலத்தில் அதற்கு ‘மிட்சிப்மேன்’ என்று பெயர்.

பின் நடந்தது ஆய்வின் பெருக்கம். ஆண்மீன் கரையோரக் கற்களின் அடியில் கூடமைத்து, காற்றுப்பையை ஒட்டிய தசைகளைச் சுருக்கி, வினாடிக்கு ஏறத்தாழ 100 அதிர்வுகள் கொண்ட ஒலியை ஒரு மணி நேரத்துக்கும் மேலாக எழுப்புகிறது. பெண்மீனை அழைக்கும் குரல் அது. சிறிய ஆண்மீன்களுள் ஒருவகை அவ்வாறு குரல் எழுப்பாமலே கூட்டுக்குள் புகுந்துவிடுகிறது. இனப்பெருக்கப் பருவத்தில் பெண்மீனின் கேள்விப்புலனே மாறி, ஆணின் குரலுக்கு ஏற்பக் கூர்மையாகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ பாஸ் முதலியோர் இம்மீனைக் கொண்டு முதுகெலும்பிகளின் குரல், செவி ஆகியவற்றின் நரம்பமைப்பையே ஆராய்ந்தனர். சோசலிட்டோ ஊராரும் சமாதானமாகி, தம் உறக்கத்தைக் கெடுத்த மீனின் பெயரால் ஒரு விழாவே எடுத்தனர்.

இச்செய்தியைக் கேட்ட உடனே, மட்டக்களப்பின் மீனும் இதுவே எனத் துள்ளுவோர் உண்டு. அது அவசரம். கலிபோர்னிய மீன் வட அமெரிக்காவின் பசிபிக் கரைக்குரியது. அதன் குரல் ஒரே நீண்ட தாழ்சுரம். டெனன்ட் கேட்டதோ தனித்தனிச் சிற்றொலிகளின் கூட்டம். இரண்டையும் இணைப்பது உயிரினம் அன்று, கேட்ட முறை: அங்கே படகுவீட்டின் அடித்தளமும் இங்கே தோணியின் மரமும் மனிதச் செவியின் நீட்சியாயின. இரண்டையும் பிரிப்பது முதல் எதிர்வினை. சோசலிட்டோவில் ஒலி ஒரு முறைப்பாடாக வந்தது. முறைப்பாட்டுக்கு விடை வேண்டும். பொறுப்பானவரைக் கண்டுபிடிக்க வேண்டும். மட்டக்களப்பில் ஒலி ஒரு பெருமையாக வந்தது. பெருமைக்கு விடை வேண்டியதில்லை. ஓரிடத்தில் சில ஆண்டுகளுக்குள் மீன் கிடைத்தது. மற்றோரிடத்தில் 1848 முதல் கணக்கிட்டாலும் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் உயிர் இன்னது என நிலைநாட்டப்படவில்லை. வளங்களின் வேறுபாடு இதற்கு ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. போர்க்கால ஊரடங்குகளும் இரவு மீன்பிடித் தடைகளும் வாவியின் இரவையே மக்களிடமிருந்து பறித்த ஆண்டுகளும் உண்டு. ஆயினும் அமைதிக் காலங்களிலும் கேள்வி எழவில்லை என்பதற்கு அவை விளக்கம் ஆகா.

கருவி கொண்டு கேட்ட முயற்சி ஒன்று குறிப்பிடத்தக்கது. மட்டக்களப்பில் பணியாற்றிய அமெரிக்க யேசுசபைத் துறவியர் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி அவ்வொலியைப் பதிவுசெய்தனர். அது இலங்கை வானொலியிலும் ஒலிபரப்பாயிற்று. அவர்கள் நியூ ஆர்லியன்ஸ் மாகாணத்தைச் சேர்ந்தவர்கள், மெக்சிக்கோ வளைகுடாக் கரையினர். டெனன்ட் தம் நூலில் மட்டக்களப்புக்கு ஒப்பாகக் காட்டிய இடங்களுள் ஒன்று அதே வளைகுடாவில் கலக்கும் மிசிசிப்பி மாநிலத்துப் பாஸ்ககூலா ஆறு என்பதை இங்கு நினைவூட்டலாம். ‘பாடும் ஆறு’ எனப்படும் அவ்வாற்றைப் பற்றிய உள்ளூர்க் கதையில் மீனும் இல்லை, ஊரியும் இல்லை. பகைவருக்கு அடிமையாவதைவிடச் சாவதே மேல் எனக் கைகோத்துப் பாடிக்கொண்டே நீரில் இறங்கிய ஒரு பழங்குடியின் குரல் என்கிறது அது. குளிறலுக்கும் குளறலுக்கும் இடையே மீனவர் வாக்கியம் ஊசலாடுவதைக் கண்டவர்களுக்கு இக்கதை அந்நியமாகத் தோன்றாது.

எஞ்சியிருப்பவை சில நடைமுறைக் கடமைகள். யாழ்நூலின் இனிவரும் பதிப்புகளில் நீரர மகளிர் பாடலுக்கு எழுதப்படும் குறிப்புரை, மீனவர் சாட்சியத்தையும் ஊரி என்னும் சொல்லையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கிழக்கிலங்கைச் சொல்வழக்குத் தொகுப்புகளில் குளறு, குளிறு என்னும் இரண்டும், மீனவரிடம் நேரில் கேட்டு, தனித்தனியே பதிவாக வேண்டும். யேசுசபையினரின் பதிவில் எஞ்சியிருப்பது எண்ணிம வடிவில் பாதுகாக்கப்பட்டு, அது பதிவான மாதத்தோடு சேர்த்து ஆவணமாக்கப்பட வேண்டும். மாதம் முக்கியமானது. கிழக்கில் வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, ஏறத்தாழ ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை வாவியின் நீர்மட்டம் தாழ்ந்து உப்பு ஏறும் காலத்தையே மீனவர் குறித்தனர். 56 கிலோமீட்டர் நீண்ட அவ்வாவியில் பாலமீன்மடு முகத்துவாரம் திறப்பதும் மூடுவதும், வயல்களிலிருந்து நீர் இறங்குவதும் அந்த உப்பின் அளவை மாற்றுவன. ஒலி குறைந்துவிட்டது எனக் கவலைப்படுவோர் நிலவின் நாளை மட்டும் குறித்துச் செல்கின்றனர். உப்பின் அளவையும் குறித்துச் செல்வது அரிதன்று. புளியந்தீவில் கோட்டை நிற்கிறது. அதன் வாயிலருகே துறையிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 200 கெஜம் என்னும் குறிப்பும் அச்சில் இருக்கிறது. அவ்விடத்தில் தோணியை நிறுத்தி, மரத்தில் காதை வைப்பதற்கு ஒரு செப்டெம்பர் இரவு போதும்.